கொசுவுக்கு உண்ணி விட்ட கதை

கொசு ஒழிப்புத் தொழிலில் கொசுவைத் தவிர மற்ற எல்லாரோடும் மல்லுக்கட்ட வேண்டும். கொசு பாவம், அது தன் வேலையைப் பார்த்துக்கொண்டு போய்விடும். டெல்டாவில் குடியிருந்துகொண்டு, பொழுது சாய்ந்ததும் ஜன்னலைச் சாத்திப் புழுக்கத்தில் வேகிற உங்களுக்கு நான் சொல்வது புரியும். சுருள் கொளுத்திப் பார்த்து, கொசு மட்டை வாங்கிப் பார்த்து, மட்டையில் சார்ஜ் நிற்காமல், கடைசியில் சொந்தக் கன்னத்தில் சொந்தக் கையாலேயே அறைந்துகொள்கிற என் இனமே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் ரோஸ்லின், திருக்காட்டுப்பள்ளிக்காரி. விலங்கியலில் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு ஓர் ஆராய்ச்சித் திட்டத்தில் களப் பணியாளராக இருந்தேன். குளம் குட்டைகளில் சிவப்பு நிறத்தில், கடுகில் பாதிகூட இல்லாத ஓர் உயிர் உண்டு. மாட்டுக்கு உண்ணி எப்படியோ, கொசுவுக்கு அது அப்படி. தண்ணீரிலிருந்து கொசு இறக்கை முளைத்துக் கிளம்பும்போது இதன் குஞ்சு அதன் உடம்பில் தொற்றிக்கொண்டு சாற்றைக் குடிக்கும். உண்ணி நிறைய ஒட்டிய கொசு முட்டையும் குறைவாக இடும், சீக்கிரமும் சாகும். ஒருவரிடமிருந்து நோயை வாங்கி இன்னொருவருக்குக் கொடுக்கிற அளவுக்கு அதற்கு ஆயுசு இருக்காது. இந்த உண்ணியைப் பிடித்து, அது இல்லாத குட்டைகளில் விட்டுப் பார்ப்பதுதான் திட்டம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கும் அப்படித்தான் இருந்தது.

நேர்முகத் தேர்வு

திட்டத்தின் தலைவரை எல்லாரும் டைரக்டர் சார் என்பார்கள். தஞ்சாவூரில் அவர் அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னலுக்குக் கொசுவலை அடித்திருந்தது. அது போதாதென்று சுவரில் செருகுகிற கொசு மருந்தும் எரிந்துகொண்டிருந்தது. உண்ணியை நம்பித் திட்டம் போட்ட மனிதர், தன் உடம்பை மட்டும் உண்ணியை நம்பி விடவில்லை. என் சான்றிதழ்களைப் புரட்டிவிட்டு, "கொசு புடிக்கத் தெரியுமா?" என்றார். தெரியும் என்றேன். "வரப்புல விழாம நடக்கத் தெரியுமா?" அதுவும் தெரியும் என்றேன். "அப்ப நாளைக்கே வந்து சேர்ந்துடும்மா" என்று திட்டச் சுருக்கத்தை நீட்டினார். தலைப்பிலேயே 'டெங்கு' என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "சார், டெங்கு கொசு வீட்டைச் சுத்தி இருக்கிற நல்ல தண்ணியிலதானே முட்டை போடுது? டிரம்மு, தொட்டி, டயரு, ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி இருக்கிற தட்டு. நம்ம உண்ணி குளம் குட்டையில இருக்கு. ரெண்டும் எங்க சார் சந்திச்சுக்கும்?" என்றேன். வயலிலும் குட்டையிலும் வளர்கிற கொசுக்கள் வேறு சாதி. மூளைக்காய்ச்சலைப் பரப்புகிற கொசு அதில் ஒன்று. அதைச் சொல்லியே திட்டம் கேட்டிருக்கலாம். டைரக்டர் சார், கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து சாம்பாரில் உப்பில்லை என்று கத்தியவளைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "டெங்குன்னு எழுதினாத்தாம்மா ப்ராஜெக்ட் வரும். குட்டைன்னு எழுதினா, போய்க் குளிச்சுட்டு வான்னுடுவாங்க."

மாட்டுக்கொட்டகை

எந்த ஊர்க் கொசுவில் உண்ணி இருக்கிறது, எந்த ஊரில் இல்லை என்று கண்டுபிடிப்பது முதல் வேலை. மன்னார்குடியில் அறை எடுத்துத் தங்கிக்கொண்டேன். ஜீப் ஓட்டக் கலியமூர்த்தி அண்ணன் வந்தார். அறுவடைக் காலத்தில் நெல் அறுக்கும் மெஷின் ஓட்டுவார், மற்ற மாதங்களில் எங்களுக்கு ஓட்டுவார். பொழுது சாயும் நேரத்தில் மாட்டுக்கொட்டகைகளில் கொசு மொய்க்கும். கண்ணாடிக் குழாயைக் கொசுவின் மேல் வைத்து, அதோடு சேர்ந்த ரப்பர் குழாயை வாயில் வைத்து இழுத்தால் கொசு உள்ளே வந்துவிடும். நடுவில் வலைத்துணி இருப்பதால் வாய்க்குப் போகாது. இதை வீட்டுக்கு வீடு விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது. பார்த்தவர்கள் எல்லாரும் நான் கொசுவைக் குடிக்கிறேன் என்றே முடிவு கட்டியிருந்தார்கள்.

ஒரு வீட்டில் கொட்டகைக்குச் சொந்தக்காரம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தபடி நின்றார். நான் குனிந்து, நிமிர்ந்து, சாணியில் கால் வைத்து, பசு வாலால் முகத்தில் அடி வாங்கி, ஒரு வழியாக ஒரு கொசுவைப் பிடித்தேன். அதன் வயிற்றில் சிவப்பு மணி கோத்ததுபோல உண்ணிகள்! அந்தப் பகுதியில் நான் பார்த்த முதல் உண்ணி. சந்தோஷம் தாங்காமல் லென்ஸை அந்தம்மாவிடம் நீட்டினேன். அவர் லென்ஸையும் பார்க்கவில்லை, கொசுவையும் பார்க்கவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏம்மா, இதுக்கா அம்மாம் படிப்புப் படிச்சே? எங்க லட்சுமி வாலாலேயே இதைவிட நல்லா அடிக்குமே!"

தென்னந்தோப்பு

உண்ணி விடுவதற்கு மன்னார்குடிக்குத் தெற்கே ஓர் ஊரைத் தேர்ந்தெடுத்தார்கள். பெயர் வேண்டாம், ஏற்கெனவே அவர்களுக்கு என்மேல் கோபம். ஊருக்கு நடுவில் ஆகாயத்தாமரை மண்டிய குட்டை. அதில் உண்ணி கிடையாது, கொசு ஏராளம். வேலையைத் தொடங்குமுன் ஊரைக் கூட்டி விளக்கம் சொல்லச் சொன்னார் டைரக்டர் சார். என்ன சொல்ல வேண்டும் என்பதையும் எழுதிக் கொடுத்தார். அதில் உண்ணி என்கிற நல்ல சொல்லை விட்டுவிட்டு 'நீர்ச் சிலந்திப்பேன்' என்று எழுதியிருந்தார். நானும் புத்தி இல்லாமல் அதை அப்படியே வாசித்தேன்.

சிலந்திப்பேன் என்ற சொல் காதில் விழுந்ததுமே நாகராஜன் என்கிற தோப்புக்காரர் எழுந்துவிட்டார். தென்னைக்கு வருகிற சிலந்திப்பேனால் அவர் தோப்பில் தேங்காயெல்லாம் சொறி பிடித்து, சுருங்கி, வியாபாரி திரும்பிப் பார்க்காமல் போன கதையை ஊருக்கே தெரிந்திருந்தும் மறுபடி சொன்னார். "அதை ஒழிக்க நான் மரத்துக்கு மரம் வேர்ல மருந்து கட்டிக்கிட்டு இருக்கேன். நீங்க வண்டியில ஏத்திக்கிட்டு வந்து விடுறீங்களா?" என்றார். அது வேறு, இது வேறு, இது தண்ணீரில்தான் இருக்கும், மரம் ஏறாது, தேங்காயைத் தொடாது என்று தொண்டை வறளச் சொன்னேன். எத்தனை கால் என்று கேட்டார். எட்டு என்றேன். அதற்கு மேல் பேச்சே இல்லை என்பதுபோலத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "எட்டுக் கால் உள்ளது எதுவும் என் தோப்புப் பக்கம் வரப்படாது. நண்டு மட்டும் வரலாம்."

பொட்டு

ஆடியில் வாய்க்காலில் தண்ணீர் வந்து குட்டை நிரம்பியதும் உண்ணியைக் கொண்டுவந்தோம். உண்ணி நிறைந்த இன்னொரு குளத்திலிருந்து வலையால் அரித்து, பாசியோடு சேர்த்து வாளிகளில் அடைத்து, ஜீப்பில் தளும்பாமல் வர வேண்டும். கலியமூர்த்தி அண்ணன் அன்றைக்கு ஓட்டியதுபோலப் பிரசவத்துக்குப் போகிற பெண்ணைக்கூட ஏற்றிக்கொண்டு ஓட்டியிருக்க மாட்டார். குட்டைக் கரையில் ஒரு கூட்டம் நின்றது. ஒருவர் வாளிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "வெறும் பாசித் தண்ணியா? இதுக்கா ஜீப்பு?" என்று போய்விட்டார். அவர் பின்னாலேயே பாதிக் கூட்டமும் போய்விட்டது. மீன்குஞ்சு விடப்போகிறோம் என்று நினைத்துப் பாத்திரத்தோடு வந்தவர்கள் அவர்கள்.

கடைசிவரை நின்றது வாசுகி அக்கா மட்டும்தான். குட்டையை ஒட்டி அவர் வீடு. தையல் மெஷின் போட்டு ஊருக்கே ஜாக்கெட் தைப்பார். கணவர் செந்தில் ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக். நாங்கள் கை கழுவவும் சாமான் வைக்கவும் தன் வீட்டுக் கொல்லையைத் திறந்துவிட்டார், டீயும் போட்டுக் கொடுத்தார். நான் லென்ஸை நீட்டியபோது தயங்காமல் வாங்கி, அந்த இன்னொரு குளத்தில் பிடித்த, உண்ணி ஒட்டிய கொசுவை நெடுநேரம் பார்த்தார். அந்த வேலையில் என் லென்ஸை மதித்த ஒரே ஆள் அவர்தான். நிமிர்ந்து சிரித்தார். "அட, குங்குமம் மாதிரியில்ல இருக்கு! கொசுவுக்குப் பொட்டு வச்சு அனுப்புறீங்களா?"

அரிப்பு

உண்ணி விட்டது தெரிந்ததும் ஊரில் எல்லாருக்கும் உடம்பு அரிக்கத் தொடங்கியது. குட்டையில் மாடு கழுவியவருக்கு அரிப்பு. குட்டைப் பக்கமே போகாதவருக்கும் அரிப்பு. யாரோ எங்கேயோ எடுத்த ஒரு புழுவின் படத்தை யானை அளவுக்குப் பெரிதாக்கி, 'நம் ஊர்க் குட்டையில்' என்று போட்டு எல்லார் போனுக்கும் அனுப்பியிருந்தார்கள். அதற்குக் கொம்பு வேறு இருந்தது. எங்கள் உண்ணி மனிதரைக் கடிக்காது, அதன் வாய் அதற்கு ஆகாது என்று சொன்னதை யார் கேட்டார்கள்? கொம்பு இல்லாத உண்ணியில் யாருக்கும் அக்கறை இல்லை.

ஒரு நாள் ஒருவர் ஜீப்பை மறித்து, வேட்டியைத் தளர்த்தி இடுப்பைக் காட்டினார். காசு காசாகப் படர்தாமரை, பழுத்த அனுபவம் உள்ள படர்தாமரை. "பாருங்க உங்க பூச்சி பண்ணின வேலையை" என்றார். எப்போதிலிருந்து இருக்கிறது என்று கேட்டேன். போன தீபாவளியிலிருந்து என்றார். "நாங்க உண்ணி விட்டதே இந்த ஆடியிலதானே ஐயா?" என்றேன். மனிதர் ஒரு விநாடிகூடத் தடுமாறவில்லை. "அப்ப முன்னாடியே ஒண்ணு ரெண்டு வேவு பாக்க வந்திருக்கும்."

பார்வையாளர்கள்

உண்ணி பிடித்துக்கொண்டது. புரட்டாசியில் குட்டையோரக் கொசுக்களில் சிவப்புப் புள்ளிகள் தெரிய ஆரம்பித்தன. எனக்குக் கால் தரையில் இல்லை. அந்த நேரம் பார்த்து, மேலிடத்திலிருந்து திட்டத்தைப் பார்வையிட வருகிறார்கள் என்று தகவல். அவர்கள் வருகிற காலையில் நானும் கலியமூர்த்தி அண்ணனும் முன்னதாகவே போய்ப் பார்த்தால், குட்டையே அடையாளம் தெரியவில்லை. பெரிய மனிதர்கள் வரும் இடம் சுத்தமாக இருக்க வேண்டாமா என்று யாரோ உத்தரவு போட்டிருக்கிறார்கள். ஆகாயத்தாமரையை அள்ளிக் கரையில் கொட்டி, கரைக்குச் சுண்ணாம்பு அடித்து, போதாததற்குத் தண்ணீரில் பூச்சி மருந்தும் ஊற்றிவிட்டார்கள். தண்ணீரின் மேல் எண்ணெய்ப் படலம் வானவில் காட்டியது. ஓர் உண்ணிகூட மிச்சமில்லை.

வந்தவர்கள் குடை பிடித்துக்கொண்டு கரையில் நின்றார்கள். செருப்பில் சேறு படாத தூரத்தில் நின்று பார்த்தார்கள். ஒருவர் மட்டும் தைரியமாகக் குனிந்து கரண்டியால் தண்ணீர் மொண்டு பார்த்தார். நான் நடந்ததைச் சொல்ல வாயைத் திறந்தேன். டைரக்டர் சார் இளநீர்க் காய் ஒன்றை என் கையில் திணித்து, "சாருக்குக் குடும்மா" என்றார். கரண்டிக்காரர் இளநீரை உறிஞ்சிக்கொண்டே திருப்தியாகத் தலையாட்டினார். "எக்ஸலண்ட்! ஒரு கொசுப்புழுகூட இல்லையே. உங்க உண்ணி பிரமாதமா வேலை செய்யுது."

ஒலிபெருக்கி

அந்தப் பாராட்டு டைரக்டர் சார் தலைக்கு ஏறிவிட்டது. நானும் அண்ணனும் எண்ணெய்ப் படலம் போகும்வரை காத்திருந்து மறுபடி வாளி வாளியாக உண்ணி சுமந்துகொண்டிருந்தபோது, அவர் நோட்டீஸ் அச்சடித்துக்கொண்டிருந்தார். ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி, தன் சொந்தக் குரலிலேயே பதிவு செய்து, ஊர் முழுக்கச் சுற்றவிட்டார். "பொதுமக்களே! உண்ணி காவல் காக்கும் உங்கள் ஊரில் டெங்குவுக்கு இனி இடமில்லை!" பின்னணியில் நாதஸ்வரம் வேறு.

நான் நேராகத் தஞ்சாவூருக்கே போய்விட்டேன். "சார், இது பொய் சார். டிரம்மை மூடி வைங்க, வாரம் ஒரு தடவை தேய்ச்சுக் கழுவுங்கன்னு ஒரு வரியாவது சேர்த்துச் சொல்லுங்க. மழைக்காலம் வருது. ஜனங்க நம்பிடுவாங்க" என்றேன். அவருக்குக் கோபமே வரவில்லை, அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. சின்னக் குழந்தைக்கு அரிச்சுவடி சொல்லித் தருகிற குரலில் சொன்னார்: "ஒரு நோட்டீஸ்ல ஒரு விஷயம்தாம்மா சொல்ல முடியும். உண்மையெல்லாம் ரிப்போர்ட்ல எழுதிக்கலாம்."

டிரம்

ஐப்பசி மழை தொடங்கியது. செந்தில் விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தார். ஒரு மதியம் கை கழுவ வாசுகி அக்கா கொல்லைக்குப் போனேன். நீல டிரம் திறந்து கிடந்தது. குனிந்து பார்த்தால் தண்ணீரில் நெளிகிற புழுக்கள், கொதிக்கிற உலை மாதிரி. வாரம் தவறாமல் டிரம்மைத் தேய்த்துக் கவிழ்க்கிற மனுஷி அவர். "என்னக்கா இது?" என்றேன். "ஆட்டோவுல சொன்னாங்களே, இனிமே கவலையில்லைன்னு. தைக்கிற துணி குவிஞ்சு கெடக்கு. அதான் கழுவலை" என்றார் சாதாரணமாக.

நான் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. டிரம்மைக் கட்டிப்பிடித்துச் சாய்த்துவிட்டேன். கொல்லை முழுக்கத் தண்ணீர் ஓடியது. குழாயில் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் தண்ணீர் வரும் ஊர் அது. அன்றைக்கு வராத நாள். வாசுகி அக்கா கோபப்பட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. காலி டிரம்மை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கேட்டார்: "காவலுக்கு ஆள் போட்டிருக்கேன்னு மைக்குல கத்துனதும் நீங்கதான். இப்ப என் வீட்டுத் தண்ணியைக் கொட்டுறதும் நீங்கதான். உங்கள்ல எதைத்தான் நான் நம்புறது?"

ஆஸ்பத்திரி

தாமதமாகிவிட்டது. சில நாளிலேயே செந்திலுக்குக் காய்ச்சல். முதலில் மருந்துக்கடை மாத்திரை, அப்புறம் மன்னார்குடி, அங்கே ரத்தம் பார்த்துவிட்டுத் தஞ்சாவூருக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தத் தெருவிலேயே அடுத்தடுத்துக் காய்ச்சல். நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது வாசுகி அக்கா வராந்தாவில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கையில் பப்பாளி இலைச் சாறு நிரப்பிய பாட்டில். சொந்தக்காரர்கள் கொடுத்துவிட்டது, டாக்டர் வேண்டாம் என்றது, இரண்டுக்கும் நடுவில் அதைப் பிடித்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தார். ரத்தத்தில் தட்டணு இறங்கிக்கொண்டே போகிறதாம். ஈறில் ரத்தம் கசிகிறதாம். ஷார்ஜாவுக்குத் திரும்ப எடுத்த டிக்கெட் வீட்டில் பீரோவில் இருக்கிறது. போகவில்லை என்றால் அந்த இடத்தில் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள்.

பக்கத்தில் உட்கார்ந்தேன். அக்கா என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். விரலெல்லாம் ஊசி குத்திய தழும்பு. உள்ளேயிருந்து நர்ஸ் வந்து, இன்னும் ஒரு நாள் போனால்தான் எதையும் சொல்ல முடியும் என்றார். அக்கா தலையாட்டினார். நர்ஸ் போனதும் என் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டார்: "அந்த ஆட்டோவுல பேசினது யாரு, அதை மட்டும் சொல்லு. அந்த டிரம்மைக் கொண்டுபோய் அவன் தலையில கவுக்கணும்."

புகை

ஊரில் காய்ச்சல் என்றதும் புகை மருந்து அடிக்கிறவர்கள் வந்தார்கள். ஊரே வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தது. மெஷின் சத்தத்தில் நாய்கள் ஓடின. வெள்ளைப் புகை தெருவை மூடியது. உள்ளே டிரம்முக்குள் இருந்த புழுக்கள் இருமக்கூட இல்லை. புகை பறக்கிற கொசுவைத்தான் தொடும். தண்ணீருக்குள் இருப்பது மறுநாள் பறக்கும். அதைச் சொல்லிக்கொண்டு நானும் கலியமூர்த்தி அண்ணனும் பின்னாலேயே வீடு வீடாக ஏறி இறங்கினோம். டிரம்மைக் கவிழ்த்தோம், முட்டை உள்சுவரில் ஒட்டியிருக்கும் என்று தேய்த்துக் காட்டினோம். நெல் மூட்டைகளை மூடிய தார்ப்பாய் மடிப்பில் தேங்கியதைக் கொட்டினோம்.

ஒரு வீட்டுக்காரர் எங்களை வாசலிலேயே நிறுத்திவிட்டார். புகைக்காரர்களுக்குக் குடிக்க மோர் கொடுத்தவர், எங்களுக்குக் கதவைக்கூடத் திறக்கவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு விளக்கம் சொன்னார்: "புகை வந்தாத்தானேம்மா வேலை நடக்குதுன்னு தெரியும்? உங்க உண்ணி சத்தமும் போடலை, புகையும் விடலை. அது உள்ள உக்காந்து தூங்குதோ என்னவோ!"

சொந்தக் கொசு

நாகராஜனின் தோப்பில் அணில் கடித்துப் போட்ட தேங்காய், வெட்டிய இளநீர்க் கூடு, பாதி மட்டை, எல்லாம் மழைத் தண்ணீரோடு மல்லாந்து கிடந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பம் நீந்திக்கொண்டிருந்தது. டெங்குவுக்கு இதைவிட நல்ல பண்ணை கிடையாது. நான் குனிந்து கவிழ்த்துக்கொண்டே போனேன். அவர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தபடி, நான் அவர் சொத்தைத் திருடுகிறேனா என்று பார்த்துக்கொண்டிருந்தார். தெருவில் எத்தனை பேருக்குக் காய்ச்சல் என்று சொன்னேன். செந்தில் கிடக்கிற கிடையைச் சொன்னேன். கொஞ்சம் ஆள் விட்டு இதையெல்லாம் அள்ளிக் கொளுத்துங்கள் என்று கெஞ்சினேன். சட்டையில்லாத அவர் முதுகில் கொசுக்கள் வரிசை கட்டி உட்கார்ந்திருந்தன. ஒன்றைத் தட்டிவிட்டு நிதானமாகச் சொன்னார்: "இது என் தோப்புலயே பொறந்து வளர்ந்த கொசும்மா. எங்க ஆளுங்களை ஒண்ணும் பண்ணாது."

மறு ஒலிபெருக்கி

ஆட்டோ அப்போதும் நாதஸ்வரத்தோடு சுற்றிக்கொண்டிருந்தது. நிறுத்தச் சொல்லி டைரக்டர் சாருக்குப் போன் செய்தேன். மாத முடிவுவரை ஆட்டோவுக்கு வாடகை பேசியாகிவிட்டது, நடுவில் நிறுத்த முடியாது என்றார். கலியமூர்த்தி அண்ணன் ஜீப்பிலிருந்து இறங்கிப் போய் ஆட்டோவை மறித்தார். ஓட்டுநர் அவருக்குச் சொந்தக்காரராம். பதிவை நிறுத்திவிட்டு மைக்கை என் கையில் கொடுத்தார். எனக்கு மைக்கில் பேசிப் பழக்கமில்லை. "குட்டையில விட்ட உண்ணி டெங்கு கொசுவைத் தொடாதுங்க. முன்னாடி சொன்னது தப்பு. டிரம்மை நீங்கதான் தேய்ச்சுக் கழுவணும்" என்று தெருத் தெருவாகச் சொல்லிக்கொண்டு போனேன். குரல் கட்டிப்போகும்வரை சொன்னேன். சிலர் சிரித்தார்கள். சிலர் திட்டினார்கள். பெண்கள் சிலர் கொல்லைப் பக்கம் திரும்பிப் போவதையும் பார்த்தேன்.

மறுநாளே டைரக்டர் சார் காரில் வந்து இறங்கினார். அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். திட்டத்தின் மானமே போச்சு என்றார். மேலே யாராவது கேட்டால் என்ன பதில் சொல்வது என்றார். என்னைப் பேசவிடாமல், "யாரைக் கேட்டு மைக்கைத் தொட்டீங்க?" என்று கத்தினார். பதில் வந்தது எனக்குப் பின்னால் ஜீப் கதவில் சாய்ந்து நின்ற கலியமூர்த்தி அண்ணனிடமிருந்து. "கொசு யாரைக் கேட்டுக் கடிச்சுச்சு சார்?"

அடுத்த திட்டம்

செந்தில் பிழைத்துக்கொண்டார். தட்டணு ஏறி, காய்ச்சல் விட்டு, பாதி ஆளாக வீட்டுக்கு வந்தார். விமானம் போய்விட்டது, வேலையும் போய்விட்டது. மாசி வரை ஊரில் இருந்துவிட்டு வேறு கம்பெனிக்குக் குறைந்த சம்பளத்தில் போனார். வாசுகி அக்கா என்னோடு மறுபடி பேசினார், ஆனால் லென்ஸில் எதையும் பார்க்க வரவில்லை. குட்டையில் உண்ணி இருந்தது. அதனால் வயல் கொசு குறைந்ததா என்று கேட்டால், குறைந்திருக்கலாம், மழை குறைந்ததாலும் இருக்கலாம். இன்னும் சில வருடம் பொறுமையாகப் பார்த்தால்தான் தெரியும். பொறுமைக்குத் திட்டத்தில் இடமில்லை. காலம் முடிந்ததும் குட்டையை அப்படியே விட்டுவிட்டோம்.

டைரக்டர் சார் பெரிய மாநாடு ஒன்றில் அந்தக் குட்டை ஊரைப் பற்றிப் பேசினார். படங்களில் சுண்ணாம்பு அடித்த கரையும் புழு இல்லாத தண்ணீரும் பளபளத்தன. கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அறிக்கையில் டிரம்மைப் பற்றி நான் எழுதிய பக்கத்தைத் தேடினேன், காணோம். மண்டபத்துக்கு வெளியே காபி வாங்கிக்கொண்டிருந்தபோது என்னைக் கூப்பிட்டார். பழையதையெல்லாம் மறந்துவிட்ட பெரிய மனசோடு, என் தோளைத் தட்டிச் சொன்னார்: "அடுத்தது தவளை போட்டிருக்கேம்மா. டெங்குவுக்குத்தான். வந்து சேர்ந்துடு."

மொத்தத்தில் அந்தத் திட்டத்தில் தன் வேலையை ஒழுங்காகப் பார்த்தது உண்ணி ஒன்றுதான், அதுவும் டைரக்டர் சார் பேச்சு அதன் காதில் விழாததால்.